நனைந்த முட்டு

"பேய்ன்னா காலே இருக்காதும்பாங்களே அம்மிணி. இதென்னுங்க, மஞ்சப் பூசின காலா இருக்குது?"

கந்தப்பன் கேட்டது காருக்குள் இருந்துகொண்டே. கதவைத் திறக்கிற எண்ணம் அவருக்கு இல்லை. போர்வெல் போடும் ரிக் லாரியில் வடநாடெல்லாம் சுற்றி, காட்டுக்குள் தனியாகப் படுத்து எழுந்த மனிதர் அவர். பூமிக்குள் எவ்வளவு ஆழத்தில் என்ன இருந்தாலும் பயமில்லை. பூமிக்கு மேலே, உச்சி வெயிலில், ஆளில்லாத வீடு என்றால் மட்டும்தான் பயம்.

"காலு இருந்தா நமக்கு நல்லதுதானுங்கண்ணா. கால் இருக்கறது எங்கயோ இருந்து நடந்துதான் வந்திருக்கும்," என்றாள் தனப்பிரியா. சேலத்தில் இடிந்த கட்டடம், எரிந்த குடோன் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். கந்தப்பன் அவளுக்கு டிரைவர், உதவியாளர், வாய்.

ராசிபுரத்துக்கு வெளியே, கரட்டுக் குன்றின் ஓரம், சோளக்காட்டு நடுவில் நின்றது அந்த அரைகுறை வீடு. சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்து அப்படியே விறைத்துப் போயிருந்தது. முன்பக்கம் நீளமாக ஒரு சன்ஷேடு. அதன் இடது கோடி மட்டும் ஒடிந்து, கடித்த முறுக்குபோல் நின்றது. ஒடிந்த துண்டு கீழே கிடந்தது. அதன் அடியில்தான் சித்தாள் பூவாத்தாள் செத்துப்போனாள்.

பூவாத்தாள் அந்தச் சைட்டில் தண்ணீர் ஊற்றுகிறவள். அவள் போன பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. விடிந்து பார்த்தால் வாசல் ஈரம். சிமெண்ட் தரையில் மஞ்சள் கால் தடம். வளையல் சத்தம் கேட்டதாக ஆடு மேய்க்கிறவர்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து ஒரு குஞ்சு குருமான்கூட அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. வீட்டுக்காரர் சந்திரசேகர், பட்டுச்சேலைக் கடைக்காரர், பூசாரியைக் கேட்டார். பூசாரி, ரத்தம் பார்த்த வீடு ஆகாது, இடித்துவிடு என்றார். நாளைக் காலை ஜேசிபி வருகிறது.

பின்சீட்டில் உட்கார்ந்திருந்த பெண் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அறிவுச்செல்வி. நாமக்கல்லில் நர்சிங் படிக்கிறாள். இந்த வீட்டைக் கட்டிய கொத்தனார் சின்னராஜின் ஒரே மகள்.

"நாளைக்கு இடிச்சுப் போட்டா அப்பறம் எதைக் காட்டி எங்கப்பாவை வெளிய கொண்டாரதுங்க மேடம்?"

"அப்பா போலீஸ்ல என்னன்னு சொன்னாரு, மறுபடி சொல்லு கண்ணு."

"சன்ஷேடுக்குக் கம்பியை மேல போடோணும், நான் கவனமில்லாம கீழ போட்டுட்டேன், அதான் ஒடிஞ்சு உழுந்துருச்சுன்னு ஒத்துக்கிட்டாருங்க. வக்கீல் வெச்சு ஜாமீன் எடுக்கலாம்னா வேண்டாங்கறாரு. ஜெயிலுக்குப் பாக்கப் போனா, படிப்பைப் பாரு சாமின்னு மட்டுந்தான் பேச்சு."

"அம்மா?"

"அம்மா கூலிக்குத் தறி நெய்யுதுங்க. அதுக்கு வாயே இல்லை இப்ப. விடிகாலைல எந்திரிச்சு, ஈரச்சேலையோட கம்பத்துக்குத் தண்ணி ஊத்தப் போயிருது. அப்பா வரோணும்னு வேண்டுதலாட்ட இருக்குதுங்க."

ஊரில் மாரியம்மன் பண்டிகை. கோயில் முன்னால் கம்பம் நட்டால், பிடுங்குகிற நாள்வரை பெண்கள் தினமும் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக அதற்கு ஊற்றுவார்கள். இன்று கடைசி நாள். கொட்டுச் சத்தம் காற்றோடு வந்து வந்து போனது.

தனப்பிரியா இறங்கினாள். வேறு வழியில்லாமல் கந்தப்பனும்.

வேலிப்படலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வாட்ச்மேன் பொன்னன் கட்டில் போட்டிருந்தார். கட்டடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங் பெரியவரே, காவல் காக்கறது அந்தப் பக்கம்தானுங்க," என்றார் கந்தப்பன்.

"அந்தப் பக்கம் அது காக்குது. நான் இந்தப் பக்கம் காக்கறேன்."

"உள்ள போனீங்களா, அதுக்கப்பறம்?"

"என்ற பேரனுக்குக் கண்ணாலம் இருக்குதுங்க. நான் எதுக்குங்க உள்ள போறேன்?"

"விபத்து நடந்த அன்னைக்கு நீங்க எங்க?" இது தனப்பிரியா.

"கோயில்லதானுங்க. கம்பம் நட்ட நாளு. சைட்டுக்கே லீவு. அந்தப் புள்ள பூவாத்தா அடுத்த ஊர்க்காரி, அவளுக்கு இந்தப் பண்டிகை இல்லை. தண்ணி காட்டறதுக்குன்னு அவ ஒருத்திதான் வந்தா."

தனப்பிரியா படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தாள். கந்தப்பன் அவள் நிழலை மிதிக்காத தூரத்தில் பின்னாலேயே. உச்சி வேளையில் நிழலே இல்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் அவருக்கு உறைத்தது.

"அதுக்குக் கீழ மட்டும் போகாதீங்க அண்ணா," என்று அவள் சன்ஷேடைக் காட்டினாள்.

"போகச் சொன்னாலும் போகமாட்டனுங்க. ஆனா எதுக்குன்னு சொல்லுங்க. கொத்து வேலை நமக்குத் தெரியாது. கேசிங் பைப்புன்னாக் கேளுங்க, சொல்றேன்."

"ஜன்னல், வாசல் தலைக்கு மேல குறுக்க ஒரு கான்கிரீட் பட்டை ஓடுது பாருங்க. அது லிண்டல். அதுக்கு மேல கட்டற செவுத்தோட பாரம் ஜன்னல் மேல உழாம அது தாங்கிக்கும். அதுல இருந்து வெளிய நாக்கு நீட்டின மாதிரி நிக்கறது சன்ஷேடு."

"மழை வந்தா பீடி புடிக்க ஒதுங்கறோமே, அதுதானுங்களா?"

"அதேதான். லிண்டலுக்கு மேல செவுரு ஏறி உக்காந்தாத்தான் அந்த நாக்கு தானா நிக்கும். இங்க மேல ஒரு வரி செங்கல்கூட வைக்கலை. இப்போதைக்கு அதுக்கு உயிரு எதுன்னா கீழ நிக்கற முட்டுக் கட்டை."

வரிசையாகச் சவுக்குக் கட்டைகள் சன்ஷேடைத் தலையில் தாங்கி நின்றன. சாமி தூக்குகிற ஆட்கள் போல. சன்ஷேடு மேல் விரித்திருந்த சாக்குகள் கறுத்து, ஈரமாய், ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்தன. இத்தனை வெயிலில் ஈரம் எப்படி நிற்கிறது என்று கந்தப்பன் யோசிக்க விரும்பவில்லை. சொட்டு விழுகிற சத்தம் மட்டும் யாரோ பக்கத்தில் நின்று மெதுவாக எண்ணுவதுபோல் கேட்டது.

"அண்ணா, ஒரு குடம் தண்ணியை ஒரே கைல நீட்டிப் புடிச்சா எங்க வலிக்கும்?"

"ஊட்டுக்காரி தினமும் தர்ற தண்டனையாச்சேங்க அது. தோள்பட்டை மேலதான் இழுக்கும்."

"கான்கிரீட்டுக்கும் அங்கதான் இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் புடிமானம் இருந்தா இழுவை முதுகுல. அதனால சன்ஷேடுக்குக் கம்பி மேல போகணும். கூரை அப்பிடி இல்லை, ரெண்டு பக்கமும் செவுத்துல உக்காந்திருக்கும், இழுவை வயித்துல. அதுக்குக் கம்பி கீழ. இப்ப ஒடிஞ்ச இடத்தைப் பாருங்க. கம்பி எங்க நீட்டிக்கிட்டு இருக்குது?"

கந்தப்பன் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். ஒடிந்த வாயில் துருப்பிடித்த கம்பிகள் கோணலும் மாணலுமாகத் துருத்திக்கொண்டிருந்தன. எல்லாமே மேல் உதட்டில்.

"மேலதானுங்களே இருக்குது."

"மேலதான் இருக்குது."

"அப்பறம் எதுக்குங்க அந்த மனுசன் கீழ போட்டேன்னு சொன்னாரு?"

"அதுதாங்கண்ணா கேள்வி. செஞ்ச தப்பை இல்லைன்னு சாதிக்கறவனை ஊரெல்லாம் பாத்திருக்கறோம். செய்யாத தப்பை ஒத்துக்கிட்டு உள்ள போய் உக்காந்திருக்கறவரு யாரையோ மறைச்சுக்கிட்டு நிக்கறாரு. இங்க வந்து தலையைத் தூக்கிப் பாத்திருந்தா ஏட்டுக்கே தெரிஞ்சிருக்கும். பேய்க்குப் பயந்து ஒருத்தரும் கிட்ட வரலை."

"நானும் வந்திருக்க மாட்டேன்," என்றார் கந்தப்பன், உண்மையைச் சொல்வதில் வெட்கம் என்ன என்பதுபோல்.

தனப்பிரியா குனிந்து முட்டுகளின் அடியைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒவ்வொரு கட்டையின் காலுக்குக் கீழும் பலகைத் துண்டு. பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் இறுக்கி அடித்த மர ஆப்பு. ஒடிந்த இடத்துக்கு நேர் கீழே நின்ற கட்டைக்கு வந்ததும் நின்றாள்.

"இதுக்கு ஆப்பைக் காணோம். வெறும் தரைல நிக்குது. தலையும் மேல முட்டலை. சும்மா சாத்தி வெச்சிருக்குது."

அந்தக் கட்டை மட்டும் இடுப்பு உயரம்வரை நனைந்திருந்தது. பட்டைக்கு மேல் மஞ்சள் படிந்து காய்ந்து, மறுபடி நனைந்து, மறுபடி காய்ந்திருந்தது. அடியில் வாடியும் வாடாமலும் வேப்பிலைக் குவியல். அதைச் சுற்றித்தான் மஞ்சள் கால் தடங்கள். சின்னக் கால். மெட்டி அழுந்திய இடம்கூடத் தெரிந்தது.

கந்தப்பன் தடத்தை மிதிக்காமல் ஓரடி பின்னால் நகர்ந்தார். "வேலைல இருந்து செத்தவ. தண்ணி ஊத்தியே பழகின கை. விடாதுங்க அம்மிணி."

"அவ தண்ணி ஊத்தினது எதுக்கு?"

"கான்கிரீட் காயறதுக்கு."

"காயாம இருக்கறதுக்கு. கான்கிரீட் மறுநாளே கல்லு மாதிரி ஆயிரும். தட்டிப் பாத்தா டங்குன்னு கேக்கும். அதுல ஏமாந்துரக் கூடாது. உள்ள பலம் ஏற நாளாகும், அதுவரைக்கும் அது தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கணும். அதுதான் கியூரிங். பூவாத்தாளுக்கு அது அத்துப்படி. அவ ஆவியா வந்தாலும் சிமெண்டுக்குத்தான் ஊத்துவா. மரத்துக்கு எதுக்குங்கண்ணா ஊத்தறா?"

கந்தப்பன் மேலே சாக்கைப் பார்த்தார், கீழே கட்டையைப் பார்த்தார்.

"மேல பாருங்க. கட்டைத் தலைக்குப் பக்கத்துல."

ஒரு ஆணி. ஆணியில் தேங்காய் நார்க் கயிறு. கயிற்றில் சருகாய்த் தொங்கிய ஒரு மாவிலை.

"தோரணம்," என்றார் கந்தப்பன் மெதுவாக. "இது பந்தல்ல நின்ன கட்டைங்க."

"கம்பம் நட்ட அன்னைக்கு, வேலையாளுங்க இல்லாத நேரத்துல, யாரோ பந்தலுக்கு ஒரு கட்டை வேணும்னு இதை உருவிக்கிட்டுப் போயிருக்காங்க. முட்டு போச்சு, சன்ஷேடு உழுந்துச்சு. அப்பறம் கொண்டாந்து சாத்தி வெச்சிருக்காங்க. ஆப்பு வைக்கணும்னு தெரியலை. அப்ப அது கட்டட வேலை தெரியாத ஆளு. தினமும் வந்து அந்தக் கட்டைக்குத் தண்ணி ஊத்துது, கம்பத்துக்கு ஊத்தற மாதிரி."

"யாருங்க அது?"

"அதைத் தேடிப் போக வேண்டாம். இன்னைக்குக் கம்பம் பிடுங்கறாங்க. அதுக்கு மேல தண்ணி ஊத்தக் கூடாது. பிடுங்கறதுக்குள்ள கடைசிக் குடம் இங்க வரும்."

ஊருக்குள் கொட்டு வேகம் பிடித்தது. சோளத்தட்டு சரசரத்தது. காற்று இல்லை, ஆனாலும் சரசரத்தது.

அப்புறம் வளையல் சத்தம்.

கந்தப்பன் தனப்பிரியாவின் பின்னால் மறைய முயன்றார். அவர் அகலத்துக்கு அது நடக்கிற காரியமில்லை. காட்டுக்குள்ளிருந்து ஈரச்சேலை உடம்போடு ஒட்ட, தலைமுடி முதுகில் விரிந்துகிடக்க, இடுப்பில் வேப்பிலை செருகிய குடத்தோடு ஒரு பெண் வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. கண் திறந்திருந்தது, அவ்வளவுதான். நேராக அந்தக் கட்டைக்குப் போய்க் குடத்தைச் சாய்த்தாள். மஞ்சள் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது.

"குடிச்சுக்கோ பூவா," என்றாள் கட்டையிடம். "இன்னைக்கோட சரி."

பின்னால் கார்க் கதவு திறந்து கிடந்தது. அறிவுச்செல்வி படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா?"

சின்னராஜின் மனைவி ஆராயி திரும்பினாள். அவள் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. வந்த உடனே போய்விட்டது.

"நீ எதுக்கு சாமி இங்க வந்தே?"

"அப்பாவை வெளிய கொண்டாரதுக்கு வந்தேன். நீ கோயிலுக்குத்தான போறே? இத்தனை நாளும் கோயிலுக்குத்தான போனே?"

ஆராயி குடத்தைக் கீழே வைத்தாள். பேசியது மகளிடமா, கட்டையிடமா, தெரியவில்லை.

"வீதில மோர்ப்பந்தல் போட்டோம். நாலு காலுக்கு மூணுதான் கெடச்சுது. நான்தான் வந்து பூவாகிட்டக் கேட்டேன். உங்கூட்டு மேஸ்திரியைக் கேட்டுக்கோ ஆராயின்னா. அவரு கோயில்ல இருக்கறாரு, அதான் கல்லாட்டக் காஞ்சிருச்சே, இத்தனை கட்டை நிக்குதே, ஒண்ணு போனா என்ன, பொழுதோட கொண்டாந்தர்றேன்னேன். நானே ஆட்டி ஆட்டி உருவினேன். அவ சிரிச்சுக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தா. மோரு குடிக்க வாடின்னேன். இந்த ஓரத்துக்கு மட்டும் ஊத்திட்டு வாரேன்னா." குனிந்து வேப்பிலையைக் கட்டையடிக்கு ஒதுக்கினாள். "வரலை. சொம்புல மோரை எடுத்துக்கிட்டு நானே வந்தேன்."

சாக்கிலிருந்து சொட்டு விழுந்தது.

"அப்பாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?" அறிவுச்செல்வியின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"வந்து, நான் திரும்பக் கொண்டாந்து சாத்தின கட்டையைப் பாத்தாரு. மாவிலையைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. வாயைத் திறக்காதே, ஏதோ ஒண்ணு சொல்லிட்டு ரெண்டு நாள்ல வந்தர்றேன்னு போனாரு."

"அந்த ரெண்டு நாளு எப்பவோ போயிருச்சும்மா. ஜாமீனே வேண்டாம்னுட்டாரு. கம்பி போட்டது தப்புன்னு சொல்லிட்டாரு. இனி எந்த சைட்டுலயும் அவருக்குக் கொத்துக் கரண்டி புடிக்க எடமில்லை."

ஆராயிக்கு அது தெரியாது என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. சொந்தக் கையால் போட்ட கம்பியைத் தப்பு என்று ஒரு கொத்தனார் சொல்வது என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் மேலே ஒடிந்த வாயைப் பார்த்தாள். ஊருக்குள் குலவைச் சத்தம் எழுந்தது. கம்பத்தைப் பிடுங்குகிறார்கள்.

"அப்ப இதையும் பிடுங்கிரலாம்," என்றாள், மோர் ஊற்றட்டுமா என்பதுபோல் சாதாரணமாக.

அவள் கை போனது நனைந்த கட்டைக்கு அல்ல. அதற்கு அடுத்த கட்டைக்கு. ஆப்பு இறுக்கி, மீதிச் சன்ஷேடின் முழுப் பாரத்தையும் தலையில் வாங்கி நிற்கிற கட்டைக்கு. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். ஆப்பு முனகியது. மேலிருந்து பொடி உதிர்ந்தது.

தனப்பிரியா, "அண்ணா," என்று சொல்லி முடிக்கவில்லை.

அதற்குக் கீழே போகமாட்டேன் என்று சொன்ன கந்தப்பன் அதற்குக் கீழே இருந்தார். கட்டையையும் ஆராயியின் கையையும் சேர்த்துத் தழுவிப் பிடித்து, ரிக் லாரியில் பைப்பை அணைத்துப் பிடிக்கிற பிடியில் நின்றார்.

"விடுங்க சாமி. கோயில்ல பிடுங்கற கம்பத்தைக் கிணத்துல போடுவாங்க. உங்களை எங்க கொண்டு போயிப் போடறது? பாருங்க, புள்ள நிக்குது. அதுவும் ஓடியாந்து இதுக்குக் கீழ வந்துரும்."

அறிவுச்செல்வி அதற்குள் பாதி தூரம் வந்திருந்தாள். ஆராயி பார்த்தாள். கை தளர்ந்தது. கந்தப்பன் குழந்தையைத் தூக்குவதுபோல் அவளை வெயிலுக்குத் தூக்கி வந்து உட்கார வைத்தார். தனப்பிரியா ஒரு கல்லை எடுத்து, தளர்ந்த ஆப்பைக் கைநீட்டி அடித்து இறுக்கிவிட்டு, மூச்சுவிட்டாள்.

மகள் அம்மாவின் முன்னால் மண்டியிட்டாள். வெகுநேரம் தொடவில்லை. பிறகு ஈரத் தலையைத் துப்பட்டாவால் துவட்டத் தொடங்கினாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே.

"நான் கேட்டது அப்பாவை," என்றாள் தனப்பிரியாவைப் பார்க்காமல். "அப்பாவைக் குடுத்துட்டு அம்மாவை எடுத்துக்குவீங்களா மேடம்?"

"நான் எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லை கண்ணு. அவங்க வாயால சொல்லணும். தெரியாம செஞ்சதுக்கும் கணக்கு உண்டு. ஆனா அது கொலையில்லை. பச்சைக் கான்கிரீட்டுக்குக் கீழ ஒத்தைப் பொம்பளையை விட்டுட்டு, பாக்க ஒரு ஆளில்லாம சைட்டைப் போட்டு வெச்ச வீட்டுக்காரருக்கும் அதுல பங்கு இருக்குது. அவரைத்தான் இப்பக் கூப்பிடப் போறேன். போலீஸ் வந்து இந்தக் கம்பியைப் பாக்கறவரைக்கும் ஜேசிபி வராது."

ஆராயி எழுந்தாள். சேலையைப் பிழிந்து உதறினாள். "ஸ்டேஷன்ல ஈரத்தோட உள்ள உடுவாங்களா சாமி?" என்று மகளைக் கேட்டாள்.

"வீட்டுக்குப் போயி மாத்திக்கிட்டுப் போலாம். நானும் வாரேன்."

"உனக்குக் காலேஜு..."

"நானும் வாரேன்."

குடத்தை மகள் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். இருவரும் காரை நோக்கி நடந்தார்கள். பொன்னன் கட்டிலிலிருந்து எழுந்து, முதன்முறையாகக் கட்டடத்தின் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

சன்ஷேடு ஓரத்தில் நின்ற கந்தப்பனின் சட்டையெல்லாம் மஞ்சள். அதைத் தட்டிவிடப் போனவர் நின்றார். பிடரியில் குளிர்ச்சியாக ஒரு சொட்டு. அண்ணாந்து பார்த்தார். சன்ஷேடு மேல் சாக்குகள் கறுகறுவென்று, இப்போதுதான் யாரோ நனைத்துவிட்டு நகர்ந்ததுபோல் இருந்தன.

"ஏனுங் அம்மா," என்று ஆராயியைக் கூப்பிட்டார். "மேல சாக்குக்கும் நீங்கதான் ஊத்தறீங்களா?"

ஆராயி திரும்பிப் பார்த்தாள். "அங்க எனக்கு எட்டாதுங்க. நான் கட்டைக்கு மட்டுந்தான்."

கந்தப்பன் ஏணியைத் தேடினார். ஏணி இல்லை. பொன்னனைப் பார்த்தார். பொன்னன் மறுபடி முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

"அம்மிணி."

"பாத்தேன் அண்ணா."

"அப்ப அது யாருங்க?"

தனப்பிரியா போனில் எண்ணைத் தேடிக்கொண்டே படலைச் சாத்தினாள், உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிற இடத்தைச் சாத்துவதுபோல, சத்தம் வராமல்.

"அதைப் பத்தி நம்மகிட்ட யாரும் கேஸ் குடுக்கலீங்கண்ணா. வண்டியை எடுங்க."